நியூயார்க்கை நடுங்க வைத்த போக்கிரி மங்க் ஈஸ்ட்மன்

1920-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி. கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடிந்து நியூயார்க் நகரம் அயர்ந்து தூங்கிக் கொண்டிருந்தது. விடியற்காலை நாலு மணி இருக்கும். 14-வது தெருவில், சுரங்க ரெயில் நிலையத்தின் வாசலருகே திடீரென்று துப்பாக்கி வெடித்தது. ஒன்றல்ல, ஐந்து குண்டுகள்!

போலீசார் ஓடி வந்தார்கள். நடைபாதையில் ஒருவன் செத்துக் கிடந்தான். குட்டையான, கட்டுமஸ்தான உடம்பு. வயது நாற்பத்தைந்து இருக்கும். உடைந்த மூக்கு. நசுங்கிச் சுருங்கிய காதுகள். முகத்திலும் கழுத்திலும் பழைய வெட்டுத் தழும்புகள். சட்டைப்பையில் இருந்த பணம் அப்படியே இருந்தது. ஆகவே இது வழிப்பறிக்காக நடந்த கொலை அல்ல.

உடுப்பின் உட்புறத்தில் தையற்கடைக்காரர் வைத்துத் தைத்த சிறு துணியில் ஒரு பெயர் இருந்தது. ஈஸ்ட்மன்.

அந்தப் பெயரைக் கேட்டால் ஒரு காலத்தில் கீழ்க்கிழக்கு நியூயார்க்கில் அழுத பிள்ளையும் வாய் மூடும். ஆயிரத்து இருநூறு அடியாட்களைக் கட்டி ஆண்டவன் அவன் என்று சொல்வார்கள். அவனுக்கு நடந்த சவ ஊர்வலம்தான் வேடிக்கை. ராணுவ மரியாதையோடு அவனைப் புதைத்தார்கள்! ஒரு போக்கிரிக்கு ராணுவ மரியாதையா? அந்தக் கதை வருமாறு:

புறா வளர்த்த முரடன்

"மங்க்" என்றால் ஆங்கிலத்தில் துறவி என்று பொருள். ஈஸ்ட்மன் துறவியாக இருந்ததினால் அந்தப் பெயர் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். குரங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பாதியாக ஒடித்துக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் அது என்பார்கள். இயற்பெயர் எட்வர்டு.

அவன் பிறப்பைப் பற்றியே இரண்டு கதைகள் உண்டு. புரூக்ளின் பகுதியில் ஓட்டல் நடத்திய யூதர் ஒருவரின் மகன், உண்மைப் பெயர் ஆஸ்டர்மன் என்று வெகு காலம் எழுதி வந்தார்கள். 1928-ல் வெளிவந்த ஹெர்பர்ட் ஆஸ்பரியின் "நியூயார்க்கின் கும்பல்கள்" என்ற நூல் பரப்பிய கதை இது. பிற்காலத்தில் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அதை மறுத்து விட்டார்கள். அவன் 1875-ல் பிறந்தவன். தகப்பனார் சாமுவேல் ஈஸ்ட்மன், உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தவர், சுவருக்குக் காகிதம் ஒட்டும் தொழிலாளி என்று கண்டார்கள். சிப்பாயின் மகன் என்ற சேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

வாலிபத்தில் அவன் செய்த தொழில் பூனையும் பறவையும் விற்பது! பிராணிகள் என்றால் அவனுக்கு உயிர். நூறு பூனைகளும் ஐந்நூறு புறாக்களும் ஒரு சமயம் அவனிடம் இருந்தன என்கிறார் ஆஸ்பரி. கையில் ஒரு பூனையை இடுக்கிக்கொண்டு, தோளில் நீலப்புறா ஒன்று உட்கார்ந்திருக்க அவன் தெருவில் நடந்து வருவானாம். சில பூனைகளை விற்க மனம் வராமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவானாம்.

புரூம் தெருவில் அவன் வைத்திருந்த கடையில் பறவைகளோடு வாடகை சைக்கிளும் கிடைக்கும். அது சைக்கிள் மோகம் பிடித்து ஆட்டிய காலம். தலைவன் கடை என்றால் சும்மா விடலாமா? பேட்டை ரவுடிகள் அத்தனை பேரும் அங்கேதான் வண்டி எடுத்தாக வேண்டும். அவன் படையின் கிளைக் கும்பல் ஒன்று, தலைவன் மனத்தைக் குளிர வைக்க, "புறாக்குஞ்சு சைக்கிள் சங்கம்" என்று பெயர் வைத்துக்கொண்டது. பெயரைக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சங்கம் போல இருக்கிறது. உறுப்பினர்கள் எல்லாரும் பிக்பாக்கெட்டுகள்!

நாற்பத்தொன்பது கோடுகள்

மனிதர்களிடம் அவன் காட்டிய முகம் வேறு.

1890-களின் நடுவில், நியூ இர்விங் ஹால் என்ற நடனக் கொட்டகையில் அவனுக்கு வேலை கிடைத்தது. வம்பு செய்கிறவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் அடியாள் வேலை. ஐந்தடி சொச்சம் உயரந்தான். ஆனால் கழுத்து காளை மாட்டின் கழுத்து. தலைக்குச் சற்றும் பொருந்தாத சின்னத் தொப்பி ஒன்றை உச்சியில் ஒட்டவைத்தாற்போல் வைத்திருப்பான். கையில் பெரிய தடி. யார் மண்டையையாவது உடைத்தால் தடியில் ஒரு கோடு செதுக்குவான். கோடுகள் நாற்பத்தொன்பது ஆனதும், ஐம்பதாக்க வேண்டும் என்பதற்காகவே, மூலையில் சிவனே என்று பீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவரின் தலையில் போட்டானாம். உண்மையோ, கட்டுக்கதையோ! அப்படிச் செய்யக்கூடியவன் என்று ஊர் நம்பியது. ஒரு சண்டியருக்கு அந்த நம்பிக்கைதானே மூலதனம்!

பெல்வியூ ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருகிறவர்களைப் படுக்கவைக்கும் வார்டுக்கு ஆம்புலன்சு வண்டிக்காரர்கள் "ஈஸ்ட்மன் மண்டபம்" என்று கேலிப்பெயர் வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1898-ல் திருட்டுக் குற்றத்துக்காக மூன்று மாதம் சிறை சென்றான். அங்கே கொடுத்த பெயர் வில்லியம் மர்ரே. பெயர் மாற்றுவது அவனுக்குச் சட்டை மாற்றுவது போல.

நாலு முறை ஓட்டு

வெறும் தடியினால் ஒருவன் இத்தனை பெரிய கும்பலை ஆள முடியுமா? முடியாது. அவனுக்குப் பின்னால் அரசியல் இருந்தது.

நியூயார்க் நகர ஆட்சியை அந்நாளில் ஆட்டிவைத்தது டாமனி ஹால். அது ஜனநாயகக் கட்சியின் நகரக் கிளை. கீழ்க்கிழக்குப் பகுதி கப்பலில் வந்து இறங்கிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடம். அங்கே டாமனியின் தளபதி, "பெரிய டிம்" என்று பெயர் பெற்ற டிம் சல்லிவன். தேர்தல் வந்தால் அவருக்கு ஆள் வேண்டும். எதிர்க்கட்சிக்காரனை மிரட்ட ஆள் வேண்டும். அதைவிட முக்கியம், கள்ள ஓட்டுப் போட ஆள் வேண்டும்.

கள்ள ஓட்டுக்கு டிம் கண்டுபிடித்த வழி மிக எளியது. தாடி வளர்த்தவனாகப் பார். தாடியோடு ஒரு ஓட்டு. நேரே நாவிதரிடம் போய் மோவாயை மழித்துக்கொண்டு வந்து இரண்டாவது ஓட்டு. கன்னத்து மயிரையும் எடுத்துவிட்டு, மீசை மட்டும் வைத்து மூன்றாவது ஓட்டு. மீசையையும் எடுத்து மொழுமொழு முகத்தோடு நாலாவது ஓட்டு. ஒரு தாடி, நாலு ஓட்டு!

இந்த வேலைக்கு ஈஸ்ட்மன் ஆள் கொடுத்தான். பதிலுக்கு டாமனி என்ன கொடுத்தது? அவன் ஆட்கள் பிடிபட்டால் ஜாமீன் தயார். வக்கீல் தயார். மாஜிஸ்திரேட்டும் பெரும்பாலும் தயார். அடுத்த நாள் காலையில் அவன் தெருவில் நடமாடுவான். தண்டனை இல்லை என்றால் பயம் ஏது?

பணம் வந்த வழிகள் பல. சீட்டாட்டக் கிளப்புகளிடம் மாமூல். விபசார விடுதிகளிடம் மாமூல். அதற்கு மேல், கூலிக்கு அடிப்பது. தலைவனான பிறகும் அந்த வேலையை அவன் விடவில்லை. கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று சிலரை அவனே நேரில் போய் அடிப்பான்.

கூலி அடிக்கு உதாரணம் 1903-ல் நடந்த ஒரு சம்பவம். வால் தெருப் பங்குச் சந்தையில் பெயர் போன தில்லுமுல்லுக்காரர் டேவிட் லாமர். அவருடைய வண்டிக்காரன் ஜேம்ஸ் மக்மஹன். எஜமானியிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று அவனை நீக்கினார். விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டுப் படி ஏறும்போதே வண்டிக்காரனை ஆட்கள் வளைத்து அடித்துக் குத்தினார்கள். அந்தக் கூலிக்கு ஆள் ஈஸ்ட்மன் என்று அவனைக் கைது செய்தார்கள். நியூஜெர்சியில் உள்ள பிரீஹோல்டு ஊரில் விசாரணை நடந்தது. முடிவு, விடுதலை! ஒரு வண்டிக்காரன் பேச்சுக்கு என்ன மதிப்பு?

எதிரி

பௌரி என்ற வீதிக்குக் கிழக்கே ஈஸ்ட்மன் ராஜ்யம். மேற்கே பால் கெல்லி ராஜ்யம். கெல்லியின் கும்பலுக்கு "ஐம்முனைக் கும்பல்" என்று பெயர். கெல்லி என்பது சும்மா வைத்துக்கொண்ட பெயர். அவன் இத்தாலியன், உண்மைப் பெயர் வக்கரெல்லி. முன்னாள் குத்துச்சண்டைக்காரன். ஆனால் பார்த்தால் வங்கி குமாஸ்தா போல இருப்பான். நேர்த்தியான உடுப்பு, பல பாஷை, மெல்லிய பேச்சு. ஈஸ்ட்மனுக்கு நேர் எதிர்!

இரு ராஜ்யத்துக்கும் நடுவே யாருக்குச் சொந்தம் என்று தெரியாத சில தெருக்கள். அங்கேதான் ரத்தம் சிந்தியது.

1901-ல் ஐம்முனைக் கும்பல் ஈஸ்ட்மனைத் தனியாக மடக்கியது. வயிற்றில் குண்டு பாய்ந்தது. வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பான். அவன் காயத்தை விரலால் அடைத்துக்கொண்டு கவர்னர் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனான் என்று சொல்கிறார்கள். பிழைக்க மாட்டான் என்று எண்ணிச் சுட்டவன் பெயரைக் கேட்டார்கள். சொல்லவில்லை. அது அவன் கணக்கு. போலீசு கணக்கு அல்ல.

1903 செப்டம்பரில் ரிவிங்டன் தெருவில் நடந்தது சண்டை அல்ல, யுத்தம். மேலே தூண்கள் மீது ரெயில் ஓடும் பாலம். கீழே இரு கும்பல்களும் தூண்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு மணிக்கணக்கில் சுட்டார்கள். சீட்டாட்டக் கிளப் ஒன்றை இவர்கள் கொள்ளையிட வந்தார்கள், அவர்கள் தடுத்தார்கள் என்று ஆரம்பம். இரண்டு பக்கமும் சேர்ந்து நூறு பேர் இருக்கும். முதலில் வந்த போலீசார் பின்வாங்கி ஓடினார்கள். மூன்று பேர் செத்தார்கள், ஏழு பேர் காயப்பட்டார்கள் என்பது ஆஸ்பரி சொல்லும் கணக்கு. ஈஸ்ட்மன் பிடிபட்டான். ஜோசப் மாரிஸ் என்று ஒரு பெயரைச் சொன்னான். மாஜிஸ்திரேட்டு விடுதலை செய்தார்.

பத்திரிகைகள் கூச்சல் போட்டன. டாமனிக்கு வெட்கமாகிவிட்டது. டாம் போலி என்ற தலைவர் இரு போக்கிரிகளையும் அழைத்துச் சமாதானம் பேசினார். கடைசியில் தலைவர்கள் இருவர் மட்டும் மோதிக்கொள்வது, ஜெயித்தவனுக்கு அந்த நடுத்தெருக்கள் என்று முடிவாயிற்று. பிராங்க்ஸ் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் கோதா போட்டார்கள். இரண்டு மணி நேரம் குத்திக்கொண்டார்கள். கெல்லிக்கு வித்தை, ஈஸ்ட்மனுக்குப் பலம். முடிவில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து விழுந்தார்கள். வெற்றி தோல்வி இல்லை!

கைவிட்டது டாமனி

சரிந்தது ஓர் அற்ப விஷயத்தில்.

1904 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் இரவு, ஈஸ்ட்மனும் கிறிஸ் வாலஸ் என்ற கூட்டாளியும் 42-வது தெருப் பக்கம் போனார்கள். அது அவர்கள் பேட்டை அல்ல. பணக்காரப் பகுதி. நன்றாக உடுத்திய வாலிபன் ஒருவன் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்தான். இவர்கள் நெருங்கினார்கள். பணக்காரத் தகப்பனார் ஒருவர், குடிகார மகனுக்கு ஆபத்து வரக்கூடாது என்று பிங்கர்ட்டன் துப்பறிகிறவர்களைக் காவலுக்கு அனுப்பியிருந்தார் என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? துப்பறிகிறவர்கள் பாய்ந்தார்கள். ஈஸ்ட்மன் சுட்டுக்கொண்டே ஓடினான். தெருமுனையில் போலீஸ்காரர் அவனைப் பிடித்துவிட்டார்.

வழக்கம்போல் ஜாமீன் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வக்கீல் வருவார் என்று எதிர்பார்த்தான். டாமனி ஆட்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ரிவிங்டன் தெருச் சண்டைக்குப் பிறகு அவன் அவர்களுக்குச் சுமையாகிவிட்டான். கீழ்க்கிழக்குப் பகுதியில் ஏழைகளை அடித்தவரை பொறுத்தார்கள். 42-வது தெருவில் கை வைத்ததும் கைவிட்டார்கள். ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. பத்து ஆண்டு சிறை. ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் சிங் சிங் சிறைக்குப் போனான்.

ஐந்து ஆண்டு கழித்து, 1909-ல் வெளியே வந்தபோது அவன் ராஜ்யம் இல்லை. அவன் இடத்தைப் பிடித்த "கிட் டுவிஸ்ட்" முதலில் தன் போட்டியாளனைத் தீர்த்துக் கட்டினான். அவனையும் 1908-ல் கோனித் தீவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மிஞ்சியவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்துவிட்டார்கள். பழைய தலைவனை யாரும் கூப்பிடவில்லை. அவன் சில்லறைத் திருடனானான். அபின் புகைக்கப் பழகினான்; 1912-ல் அதற்காக எட்டு மாதச் சிறை. 1915-ல் ஆல்பனி நகரத் திருட்டு வழக்கில் மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவான தண்டனை. கனடா எல்லைக்கு அருகில், கடுங்குளிருக்குப் பெயர் போன டான்னமோரா சிறை. 1917 செப்டம்பரில் வெளியே வந்தான்.

வில்லியம் டிலேனி

அப்போது அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியிருந்தது. அக்டோபர் மாதம் நியூயார்க் தேசியக் காவல் படையில் சேர ஒருவன் வந்தான். பெயர் வில்லியம் டிலேனி என்றான். அந்தப் பெயர் போலீஸ் ஏடுகளுக்குப் புதிதல்ல, பட்டாளத்துக்குப் புதிது.

டாக்டர்கள் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பு முழுவதும் குண்டுத் தழும்பு, கத்தித் தழும்பு. எந்தெந்த யுத்தத்தில் இருந்தாய் என்று திகைத்துக் கேட்டார்களாம். நியூயார்க் சுற்றுவட்டாரத்தில் நடந்த எத்தனையோ குட்டி யுத்தங்களில் என்று சொன்னானாம்.

வயது நாற்பத்திரண்டு. கூட இருந்த சிப்பாய்களில் பலர் அவன் மகன் வயதுக்காரர்கள். தென் கரோலினாவில் ஸ்பார்ட்டன்பர்க் முகாமில் பயிற்சி. அதிகாரிக்கு முன்னால் விறைத்து நின்று சலாம் போடும் வேலை, ஆயிரம் பேரை மிரட்டிய அந்த மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் செய்தான். 1918 மே மாதம் 27-வது டிவிஷனோடு, 106-வது காலாட்படை சிப்பாயாக பிரான்சுக்குக் கப்பல் ஏறினான்.

பெல்ஜியத்தில் கெம்மல் குன்றுப் பக்கம் ஆகஸ்டு இறுதியில் முதல் பெரும் சண்டை. குண்டு மழைக்கு நடுவே போய், காயப்பட்டுக் கிடந்த தோழனைத் தூக்கி வந்தான் என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவன், குணமாகும் முன்பே அங்கிருந்து நழுவி வந்து படையோடு சேர்ந்துகொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடுகிறவன் வீட்டுப் பக்கம் ஓடுவான். இவன் போர்முனைப் பக்கம் ஓடினான்!

செப்டம்பர் 27-ந் தேதி 106-வது படைக்கு வந்த வேலை மிகக் கடினமானது. ஜெர்மானியரின் ஹிண்டன்பர்க் அரண்வரிசைக்கு முன்னால், கில்மான் பண்ணை முதலிய மேட்டு நிலங்களை இயந்திரத் துப்பாக்கிகளோடு எதிரி பிடித்து வைத்திருந்தான். இரண்டு நாள் கழித்து நடக்கவிருந்த பெரும் தாக்குதலுக்கு வழி திறப்பதற்காக, அந்த மேடுகளை முதலில் பிடிக்க வேண்டும். பிரிட்டிஷ் படைகளே முயன்று முடியாத இடம் அது. விடியற்காலையில் புறப்பட்ட அந்தப் படையின் அதிகாரிகளில் பெரும்பாலோர் மாலைக்குள் விழுந்துவிட்டார்கள். தலைவர் இல்லாத சிப்பாய்கள் குழிகளில் பதுங்கி, தங்கள் தங்கள் போக்கில் போராடினார்கள். தலைவன் இல்லாமல், மறைவிலிருந்து சுட்டுச் சண்டையிடுவது ஒருவனுக்குப் பழக்கமான காரியம். ரிவிங்டன் தெருவில் பார்த்ததுதான்.

அவன் பிழைத்தான். 1919 மார்ச்சில் 27-வது டிவிஷன் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் அணிவகுத்து வந்தது. பல்லாயிரம் மக்கள் பூமாரி பொழிந்தார்கள். யார் மேல் பொழிகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

கவர்னர் கையெழுத்து

உண்மை வெளிவந்ததும் படை அதிகாரிகள் ஒதுங்கிக் கொள்ளவில்லை. பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் என்பதால் அவன் ஓட்டுரிமை முதலிய குடியுரிமைகளை இழந்திருந்தான். அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று படைத் தலைவர் கர்னல் பிராங்க்ளின் வார்டு முதல் உடன் இருந்த சிப்பாய்கள் வரை மனுச் செய்தார்கள்.

மனு போனது கவர்னர் ஆல் ஸ்மித்திடம். அவர் யார்? அதே கீழ்க்கிழக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். டாமனியில் அவரைக் கைதூக்கி விட்டவர் டாம் போலி; ஈஸ்ட்மனுக்கும் கெல்லிக்கும் சமாதானம் பேசினாரே, அதே போலி! 1919 மே மாதம் கவர்னர் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ கள்ள ஓட்டுகளைப் போடவைத்தவனுக்குத் தன் சொந்த ஓட்டு, பதினைந்து ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்தது.

அவன் திருந்திவிட்டான் என்று போலீசாரும் நம்பினார்கள். ஒன்றரை ஆண்டுக் காலம் அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

கடைசி இரவு

1920 ஜனவரியிலிருந்து அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. ஆனால் 14-வது தெருவில் புளூ பேர்டு என்ற விடுதியில் கிறிஸ்துமஸ் இரவு குடிக்குப் பஞ்சமில்லை. ஈஸ்ட்மன் அங்கே இருந்தான். கூட இருந்தவர்களில் ஒருவன் ஜெரி போஹன். அவன் உத்தியோகம் என்ன தெரியுமா? மதுவிலக்கு அதிகாரி!

இருவருக்கும் வாய்ச்சண்டை மூண்டது. பரிமாறியவனுக்குக் கொடுக்கும் இனாம் பற்றித் தகராறு என்று போஹன் பிறகு சொன்னான். வெளியே வந்ததும் ஈஸ்ட்மன் தன்னைத் துரோகி என்று ஏசிக்கொண்டு சட்டைப்பையில் கையை விட்டதாகவும், பயந்துபோய்ச் சுட்டதாகவும் சொன்னான். இனாம் தகராறுக்கு ஐந்து குண்டா என்று ஊரில் பலர் நம்பவில்லை. கள்ளச் சாராயத்தில் பங்குத் தகராறு என்ற பேச்சுதான் பலமாக இருந்தது.

பிணத்தை எடுத்துப் போக உறவு, கும்பல் என்று யாரும் முந்தி வரவில்லை. 106-வது படையில் அவனோடு இருந்த சிப்பாய்கள் வந்தார்கள். செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். ராணுவ உடுப்பை அணிவித்தார்கள். டிசம்பர் 30-ந் தேதி புரூக்ளின் வழியாக சைப்ரஸ் ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குச் சவ ஊர்வலம் போயிற்று. தெருவில் ஆயிரக்கணக்கான பேர் கூடி நின்றார்கள். பெட்டி மேல் அமெரிக்கக் கொடி. குழியில் இறக்கும்போது சிப்பாய்கள் துப்பாக்கியை உயர்த்தி வானத்தை நோக்கிச் சுட்டு மரியாதை செய்தார்கள். கொம்பு ஊதப்பட்டது.

போஹன் மீதான வழக்கில் மூன்று முதல் பத்து ஆண்டு வரை என்று தண்டனை கிடைத்தது. இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. 1923-ல் அவன் வெளியே வந்துவிட்டான்.